வெள்ளைக் கவுனும் ஒரு பொட்டு மஞ்சளும்

எங்கள் வீட்டில் ஒரு சிரிப்புக் கதை உண்டு. யார் புதுத் துணி எடுத்து வந்தாலும் கவரைப் பிரிப்பதற்குள் அது வந்துவிடும். அக்கா வீட்டுக்காரர்தான் ஆரம்பிப்பார். (எனக்கு மாமா. லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு வருடமாக இந்த ஒரே ஜோக்கையும் ஓட்டுகிறார்.) "ஏ செண்பகம், தள்ளி நில்லு. வெள்ளைக்காரன் சட்டைக்கே மஞ்சா வெச்சவ நீ!" அம்மா சிரிப்பாள். அப்பா சிரிப்பார். செண்பகம் என்கிற அக்காவும் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சொல்லப்போனால் என் சிரிப்புதான் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

இவ்வளவு சத்தமாக ஒருத்தி சிரிக்கிறாளே, இவள் வயிற்றில் என்ன இருக்கிறதோ என்று இதுவரை ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நல்ல ஜனங்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்போது நான் ஃபேஷன் டிசைனிங் கடைசி வருடம். எங்கள் ஊர் மானாம்பதிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அப்பா, "இன்னா படிப்பும்மா இது?" என்றார். "டிரெஸ் பத்திப் படிக்கிறதுப்பா" என்றேன். "டிரெஸ் போடறதுக்கு மூணு வருசமா?" என்று கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். யோசித்துப் பார்த்தால் அந்த மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் அதைவிட நல்ல கேள்வி கேட்கவில்லை.

கடைசி வருடத்தில் ஆறு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்து சர்டிபிகேட் வாங்கி வர வேண்டும். அது இல்லாவிட்டால் டிகிரி கிடையாது. கூடப் படித்தவர்கள் எல்லாம் சென்னை பொட்டிக்குகளில் இடம் பிடித்துவிட்டார்கள். நானும் ஊரில் உள்ள டிசைனருக்கெல்லாம் மெயில் போட்டேன். ஒரே ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. திறந்து பார்த்தால், இருபது சதவீதத் தள்ளுபடி என்று விளம்பரம்.

கடைசியில் கை கொடுத்தது அக்காதான். உத்திரமேரூருக்கு வெளியே ஏற்றுமதிக்குத் துணி தைக்கும் சின்ன கம்பெனி ஒன்று இருந்தது. அக்கா அங்கே டெய்லர். கம்பெனியை நடத்திய ரஹீமா மேடத்தின் குடும்பத்துக்கு பஜாரில் ஜவுளிக்கடை. அக்கா மூன்று முறை போய் நின்று, "மேடம், என் தங்கச்சி பவித்ரா. நல்லாப் படிப்பா, சொன்ன பேச்சு கேப்பா" என்று சொல்லி இடம் வாங்கிக் கொடுத்தாள். (இரண்டுமே பொய்.)

முதல் நாள் நான் போன கோலத்தை நினைத்தால் இப்போதும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. பெரிய டிசைனர்கள் எல்லாம் கறுப்பு உடுத்துவார்கள் என்று எங்கோ பார்த்திருந்தேன். அதனால் உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு. கழுத்தில் இஞ்ச் டேப். கையில் மாலை நேர விருந்துக்கான கவுன்கள் வரைந்த நோட்டு. கம்பெனி வேனில் ஏறியதும் பின் சீட்டில் இருந்த அம்மா ஒருத்தி அக்காவிடம், "இன்னா செண்பகம், தங்கச்சி மலைக்கு மாலை போட்டுக்கீதா?" என்று கேட்டாள். வேனே குலுங்கியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அது ஃபேஷன்க்கா. உனக்கு இன்னா தெரியும்" என்றாள். என்னை விட்டுக்கொடுக்காமல் இருப்பதை அன்று காலையிலேயே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

கம்பெனியில் எனக்குக் கிடைத்த வேலை பிசிறு வெட்டுவது. தைத்து வரும் பீஸில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். காலையில் நறுக்கினேன். மத்தியானம் நறுக்கினேன். மறுநாளும் நறுக்கினேன். மூன்று வாரம் இப்படியே போனது. கவுன் வரைந்த நோட்டைச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைக்கப் பயன்படுத்தினேன்.

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பையன் கிஷோர் ஆபரேஷனில் பிறந்தவன். ஐந்தாம் மாதமே அவள் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள். நாள் முழுக்கக் குனிந்து தைப்பாள். சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பார்கள். அவர்களுக்கும் முதுகு உண்டல்லவா!

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் குழந்தைத் துணி வியாபாரி ஒருவரிடமிருந்து ஆர்டர் வரும் போல இருந்தது. வந்தால் புதிதாக ஒரு லைன், அதாவது ஒரு மிஷின் வரிசை, போடுவார்கள். அதற்கு அக்காதான் சூப்பர்வைசர் என்று மேடம் வாய்விட்டே சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் என்றால் உட்கார வேண்டாம். லைன் லைனாக நடந்துகொண்டே பார்க்கலாம். "நடந்துக்கினே வேலை பாக்கலாம்டி. என் முதுகு தப்பிச்சிக்கும்" என்று அக்கா என்னிடம் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாமல் இருந்தால் எனக்கு நல்லது.

ஆர்டருக்கு முன்னால் சாம்பிள் போக வேண்டும். கைக்குழந்தைக்கான வெள்ளைக் கவுன். துணியை அவர்களே அனுப்பியிருந்தார்கள், ஒரே ஒரு கவுனுக்கு மட்டும். மல் துணி. கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. அக்கா மூன்று நாள் அதைத் தைத்தாள். நெஞ்சுப் பக்கம் நூல் கனத்தில் மடிப்பு மடிப்பாக வைத்திருந்தாள். நான் படித்த மூன்று வருடப் படிப்பில் அப்படி ஒரு மடிப்பை நான் தைத்ததில்லை. (கண்ணால் பார்த்ததும் இல்லை.)

கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்கள். நிஜக் குழந்தைக்குப் போட்டு எடுத்த போட்டோ. மேடம், "யார் வூட்லயாவது ஒன்பது, பத்து மாசக் குழந்தை இருக்கா?" என்று கேட்டதும் என் கை தானாக மேலே போனது. என் வாழ்க்கையில் என் கைதான் எனக்கு எதிரி. இந்தக் கதையில் அது இன்னொரு முறையும் வரும்.

"எங்க அக்கா பையன் கீறான் மேடம். நானே போட்டோ எடுக்கறேன். ஃபேஷன் போட்டோகிராபி எங்களுக்கு ஒரு பேப்பர்."

"அப்ப நாளைக்குக் குழந்தைய இங்க எடுத்துட்டு வந்துடு, செண்பகம்."

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "இங்க வேணாம் மேடம். டியூப்லைட்ல எடுத்தா எல்லாம் மஞ்சளாத் தெரியும். வூட்ல வெச்சி இயற்கை வெளிச்சத்துல எடுத்தாத்தான் நல்லா வரும்" என்றேன். (ஆமாம், அந்த வார்த்தையை முதலில் உச்சரித்ததே நான்தான்.)

மேடம் தயங்கினார். "சாம்பிள் வெளிய போவக் கூடாதும்மா. இது ஒண்ணுதான் இருக்கு. திங்கக்கிழமை கொரியர்ல போயாகணும். அந்த வாரமே அவங்க மேசையில இருக்கணும்." பிறகு அக்காவைப் பார்த்தார். "செண்பகம், நீ கூட இருப்ப இல்ல? உன்னை நம்பித்தான் குடுக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது என்று சொல்ல முடியாது. ஐப்பசி மாதம். நான்கு நாளாக விடாத மழை. நான் மேடத்திடம் விற்றுவிட்டு வந்த இயற்கை வெளிச்சம் எங்கள் தெருவுக்கே வரவில்லை. பட்டப்பகலில் வீட்டுக்குள் லைட்டு போட்டிருந்தோம்.

ஆனாலும் நான் அன்று பண்ணிய அலம்பல் கொஞ்சநஞ்சமல்ல. எல்லாரையும் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். கட்டில் மேல் துவைத்த வெள்ளை வேட்டியை விரித்தேன். கிஷோரின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டைத் துடைத்தேன். அம்மா சண்டைக்கு வந்தாள். "குழந்தைய மொட்டை மூஞ்சியா போட்டோ எடுப்பியா?" என்றாள். "அம்மா, இது இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு. நம்ம ஊர்ப் பழக்கத்தையெல்லாம் இதுல கொண்டுவராதே" என்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கவுனை வெளியே எடுத்தேன். அக்கா கிஷோரை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையில் கவுனோடு, கட்டிலை எங்கே இழுத்துப் போட்டால் நிழல் விழாது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் மாமாவும் வீட்டில் இல்லை; பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிய அம்மாவின் குரல் அடுப்படிப் பின்வாசலிலிருந்து வந்தது.

"மஞ்சா வெச்சீங்களாடி?"

புதுத் துணியைப் பிரித்தால் எங்கள் வீட்டில் கேட்கிற கேள்வி அது. பிறந்ததிலிருந்து கேட்ட கேள்வி. மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் குழைத்த மஞ்சள் கிண்ணம் எப்போதும் இருக்கும். நான் "ம்" என்றேன். சொல்லும்போதே என் விரல் கிண்ணத்துக்குள் போய் வந்து, கவுனின் கீழ் ஓரத்தில் அழகாக, வட்டமாக ஒரு பொட்டு வைத்துவிட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தெரியாது. அக்காவின் வாய் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தேன்.

"அடிப்பாவி! இன்னாடி பண்ணே?"

வெள்ளை மல் துணியில், அக்காவின் மூன்று நாள் உழைப்புக்கு நேர் கீழே, மஞ்சள்.

அதற்கு அப்புறம் போட்டோ எடுத்தோம். ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தோம். கிஷோர் எல்லா போட்டோவிலும் அழுதான். எனக்கும் அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் நான் படித்தவள் அல்லவா! டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரியில் வகுப்பிலேயே முதல் மார்க். "ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா. கறைன்னா இன்னா? கரைச்சி எடுக்கணும்" என்று சொல்லிக் கவுனோடு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினேன்.

"சோப்பு போடாதடி! பவி, சோப்பு மட்டும் போடா..."

அக்கா கத்தி முடிப்பதற்குள் போட்டுவிட்டேன். மஞ்சளில் சோப்பு பட்டால் செக்கச்செவேல் என்று ஆகும் என்பது எங்கள் தெருவில் பல் முளைத்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பிராக்டிகல் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். படம்கூட வரைந்திருக்கிறேன். ஆனால் பரீட்சையில் எழுதினது வேறு, பயத்தில் கை செய்வது வேறு.

பொட்டு சிவந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தேன். மறுபடி மஞ்சளானது, ஆனால் இரண்டு பங்கு பெரிதாக. துணிப்பவுடர் போட்டேன். மறுபடி சிவந்தது. அக்கா என் கையிலிருந்து அதைப் பிடுங்கி வெறும் தண்ணீரில் அலசினாள். துருப்பிடித்த மாதிரி ஒரு செம்பழுப்பு மிச்சம் நின்றது.

"வெயில்ல காஞ்சா போயிடும்டி. மஞ்சாக் கறை வெயிலுக்கு நிக்காது" என்று சொல்லிவிட்டு அக்கா வானத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வானம் எங்களைப் பார்க்கவே இல்லை, ஊற்றிக்கொண்டே இருந்தது. நான் அயர்ன் பாக்ஸ் வைத்துக் காய வைத்தேன். கறை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து கவுனை மடித்து வைத்தாள். பிறகு, "நாளைக்கு வேன்லருந்து எறங்கினதும் மேடம்கிட்ட சொல்லிடலாம். மஞ்சான்னு சொன்னா புரிஞ்சிக்குவாங்க. திட்டுவாங்க, அவ்ளோதான்" என்றாள்.

"நானே சொல்றேன்க்கா."

"கண்டிப்பாச் சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா. நான் பண்ணதுதானே."

திங்கட்கிழமை நான் சொல்லவில்லை. வேனிலிருந்து இறங்கினேன். மேடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் சொல்லலாம் என்று பிசிறு மேசைக்குப் போனேன். போனை வைத்தார். டீ குடிக்கட்டும் என்று விட்டேன். டீயும் குடித்தார். வேறு காரணம் தேடிக்கொண்டிருந்தபோது கொரியர்க்காரர் வந்துவிட்டார். மேடம் கவுனை செக்கிங் மேசையில் விரித்தார்.

ஓரத்தைத் திருப்பியதும் அவர் கை நின்றது.

"இது என்ன, ரத்தமா?"

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. குழந்தைத் துணி தைக்கிற இடத்தில் அது சாதாரணக் கேள்வி இல்லை. ஊசி ஒடிந்தால் அதன் துணுக்கைக்கூடத் தேடி எடுத்து நோட்டில் ஒட்டி வைப்பார்கள். ரத்தம் என்றால் யாரோ ஊசி குத்திக்கொண்டு மறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் கவுனைத் தைத்தது ஒரே ஒருத்தி.

"செண்பகம், விரல்ல ஊசி ஏறிச்சா?"

நான் பேச வேண்டிய நேரம் அது. வாயைத் திறந்தேன். சர்டிபிகேட் ஞாபகம் வந்தது. டிகிரி ஞாபகம் வந்தது. அப்பாவின் மண்வெட்டி ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையில் கிடந்த நூல் பிசிறுகளைப் பார்த்தேன். அவ்வளவு அக்கறையாக அதற்கு முன்னால் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை.

"ரத்தம் இல்ல மேடம், மஞ்சா" என்று அக்காவின் குரல் கேட்டது. "குழந்தைக்குப் போடறதுக்கு முன்னாடி பழக்கதோஷத்துல நான்தான் வெச்சிட்டேன். சோப்பு போட்டதுல செவந்துடுச்சி."

மேடம் உட்கார்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எங்க கடையில துணி எடுக்கறவங்க எல்லாம் மஞ்சள் வெக்கறவங்கதான். எனக்குப் புரியும். அவங்களுக்கு நான் இன்னான்னு எழுதுவேன் செண்பகம்?" என்றார். கொரியர்க்காரர் வெறும் பையோடு மழையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் வேனில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். என்ன ஒரு கேள்வி பாருங்கள்! கேட்ட வாயில் நாலு போட்டிருக்க வேண்டும்.

"உனக்கு இன்னும் மூணு வாரம் கீது. கையெழுத்து வேணும் இல்ல? நான் எங்க போவப் போறேன், மிஷின்லருந்து எழுப்பி மறுபடி மிஷின்லயேதான் உக்கார வெப்பாங்க" என்றாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா நீ சொல்லுவேன்னு நெனச்சேன்டி" என்றாள்.

ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. புது லைன் வரவில்லை. சூப்பர்வைசர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. வேனில் வந்த பெண்கள் மூலமாகக் கதை எங்கள் ஊருக்கு வந்து, மாமா காதில் விழுந்து, அன்றே ஜோக்காகிவிட்டது. அம்மா அவள் பங்குக்கு, "நான் வெச்சீங்களான்னு கேட்டேன், இவ வெச்சே தொலைச்சிட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அக்கா மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மேடம் கவுனை, "உன் பையனுக்கே வெச்சிக்கோ" என்று அக்காவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் மழை விட்டது. அக்கா கவுனைக் கொடியில் போட்டாள். இரண்டு நாள் வெயில். கறை போன இடம் தெரியவில்லை. தைத்த அன்று இருந்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் துணி எடுக்கிற சாக்கில் கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஆறு வாரம் முடிந்ததும் சர்டிபிகேட் வந்தது. "கவனமானவர், நேர்மையானவர்" என்று மேடம் கையெழுத்துப் போட்டிருந்தார். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு எடுத்த பேராசிரியர், "இன்டர்ன்ஷிப்பில் என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டார். "குவாலிட்டி கண்ட்ரோல் சார்" என்றேன். முழு மார்க் போட்டார். அந்த மார்க்கினால்தான் எனக்கு இப்போது ஒரு பெரிய ஏற்றுமதி கம்பெனியில் வேலை. என்ன வேலை என்கிறீர்களா? துணியில் கறை கண்டுபிடிப்பது. கண்டுபிடித்ததும், "யார் பண்ணது?" என்று கேட்க வேண்டும். சில பெண்கள் நிமிர்ந்து சொல்வார்கள். சிலர் குனிந்து தரையைப் பார்ப்பார்கள். தரையைப் பார்ப்பவர்களை நான் இரண்டாம் முறை கேட்பதில்லை.

அக்கா இன்னும் மிஷினில்தான் இருக்கிறாள். இப்போது இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு தைக்கிறாள்.

போன தீபாவளிக்குப் புதுத் துணி பிரித்தோம். கிஷோருக்குச் சட்டை, மாமாவுக்கு வேட்டி, அக்காவுக்கு நான் எடுத்த சேலை. மாமா வழக்கம்போல, "செண்பகம், தூரமா நில்லு!" என்று ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தார்கள். கிஷோர் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், இப்போது அவனுக்கும் இந்தக் கதை தெரியும். "ஏம்மா அப்படிப் பண்ணே? உனக்கு அறிவே இல்லியா?" என்று கேட்டான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டேய் கிஷோர்" என்று வாயைத் திறந்தேன். ஆறு வருடம் கழித்து அன்றுதான் நிஜமாகவே சொல்லிவிடுவது என்று திறந்தேன்.

அக்கா மாடத்திலிருந்து மஞ்சள் கிண்ணத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் புதுத் துணிக்கும் மஞ்சள் வைப்பது நான்தான். அக்கா வேறு யாரையும் தொடவிட மாட்டாள். தன் கை ராசியில்லை என்று பயப்படுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"நீயே வைடி" என்றாள் அக்கா, என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு. "உன் கைக்குத்தான் பொட்டு வட்டமா வரும்."

வைத்தேன். வட்டமாகத்தான் வந்தது.